வைரம் போன்ற கார்பன் பூச்சுக்கு வெற்றிடமும் அயனிக் கற்றையும் எதற்கு?

வைரம் போன்ற கார்பன் என்பது கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய, கடினமான பூச்சு. கணினி ஹார்டு டிஸ்க்கின் காந்தப் பரப்பைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள இந்தப் பூச்சுதான். 1971-இல் ஐசன்பெர்க், ஷாபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அயனிக் கற்றையால், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை ஒரே திசையில் பாய்ச்சி, இதை உருவாக்கிக் காட்டினார்கள்.

கார்பன் அணு மெதுவாக வந்து படிந்தால் பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் மாதிரி மென்மையான படலம்தான் கிடைக்கும். அதற்கு மின்னேற்றம் கொடுத்து, சுமார் 100 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் செலுத்தினால் மேற்பரப்புக்குள்ளேயே புகுந்துவிடும். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் முண்டிக்கொண்டு ஏறினால் உள்ளே இருப்பவர்கள் நெருக்கி நிற்பார்கள் அல்லவா, அப்படித்தான். அந்த நெருக்கத்தில் பல அணுக்கள், வைரத்தில் உள்ளதுபோல, நான்கு அணுக்களோடு பிணைகின்றன. ஆற்றல் மிகவும் கூடினாலோ சூடேறி மறுபடி கிராஃபைட் பக்கம் சாயும். அதனால் இந்த அளவைப் பிடிப்பதுதான் உண்மையான கைத்திறன்.

வெற்றிடம் இல்லாவிட்டால் அயனி வழியிலேயே காற்றில் மோதி வேகம் இழந்துவிடும்.

அணுக்களின் அதே நெருக்கம் தொல்லையும் தரும்: தடிமன் கூடினால் படலம் தானாகவே உரிந்து சுருளும்.

இதை வைரத்தூள் பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து அணுப் பிணைப்பை அறியும் ராமன் சோதனையில், வைரம் 1332 cm⁻¹ (அலைஎண் அலகு) அளவில் கூரான ஒரு கோடு காட்டும், இதுவோ 1550-ஐ ஒட்டி அகன்ற மேடு காட்டும், ஏனென்றால் இதில் படிக ஒழுங்கே கிடையாது.