மோட்டாரை விடுங்கள், கிராங்கை மாற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. கும்பகோணத்தில் வசிக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. வெளியில் சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் அனுமதித்துவிட்டார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் மின்சார சைக்கிளை மிதிக்கும்போது, வலது பெடல் உச்சிக்கு வரும் இடத்தில் முழங்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இடுப்பைத் தூக்கித்தான் அந்தச் சுற்றைக் கடக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் அளந்தபோது கால் 100 டிகிரி வரை மடங்கியது. கூடுதல் திறனுள்ள மோட்டாரும் மெத்தென்ற பெரிய சீட்டும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். இது குறுக்குப் பார் இல்லாத, தாழ்ந்த ஃப்ரேம் கொண்ட வண்டி. பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார் உள்ளது. செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். கடைக்காரர் சொன்ன இரண்டையும் செய்யவும் வேண்டாம். உங்கள் சிக்கல் மிதிக்கும் வலு குறைந்ததால் வருவதன்று, கால் மடங்கும் அளவு குறைந்ததால் வருவது. மோட்டார் எவ்வளவு வலுவாக இருந்தாலும், பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்கித்தான் ஆக வேண்டும். பெரியவர்களுக்கான சைக்கிள்களில் பெரும்பாலும் 170 மி.மீ. நீளக் கிராங்க் (பெடலை நடு அச்சோடு இணைக்கும் கட்டை) இருக்கும். அதை முழுச் சுற்றுச் சுற்றப் பொதுவாக 105 முதல் 110 டிகிரி வரை கால் மடங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு 100தான் மடங்குகிறது என்றால், மீதியை இடுப்பு ஈடுகட்டுகிறது. இப்படியே நாள்தோறும் ஓட்டினால் முழங்காலோடு முதுகும் வலிக்கத் தொடங்கும்.

எனவே முதலில் மாற்ற வேண்டியது கிராங்கைத்தான். கிராங்க் கட்டையின் உட்புறத்தில், பெடல் மாட்டும் துளைக்கு அருகே அதன் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு, சிறுவர் சைக்கிள்களில் பொருத்தப்படும் 152 மி.மீ. கிராங்க் உங்கள் வண்டியின் அச்சுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். 18 மி.மீ. குறைவதில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் கிராங்க் குட்டையானால், கீழ்ப் பெடலுக்குக் கால் முன்போலவே நீள்வதற்காக சீட்டையும் அதே 18 மி.மீ. உயர்த்துவோம், ஆகவே பெடல் உச்சியில் இருக்கும்போது சீட்டுக்கும் பாதத்துக்கும் இடையே மொத்தம் 36 மி.மீ. இடைவெளி கூடுதலாகக் கிடைக்கிறது. முழங்காலுக்கு வேண்டிய தளர்வு அங்கிருந்துதான் வருகிறது. சீட் கம்பியில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்திவிடாதீர்கள்.

மின்சார சைக்கிளில் கிராங்கைக் கழற்றும்போது மெக்கானிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் வண்டியைப் போலப் பின்சக்கர மோட்டார் உள்ளவற்றில் பெரும்பாலும் கிராங்குக்குப் பின்னால், அச்சில் காந்தங்கள் பதித்த சிறு வட்டு ஒன்றும் அதை ஒட்டி ஒரு சென்சாரும் இருக்கும். பெடல் சுற்றுவதை அது உணர்ந்தால்தான் மோட்டார் உதவிக்கு வரும். வட்டு சற்று விலகி உட்கார்ந்தாலும் மோட்டார் எழும்பாது. வண்டி கெட்டுவிட்டது என்று, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றச் சொல்லிப் பணம் பறிக்கும் கடைகளும் இருக்கின்றன. புதிய கிராங்கின் பல்சக்கரத்தில் பற்களின் எண்ணிக்கை பழையதைப் போலவே இருந்தால் செயினை மாற்றவும் வேண்டியிருக்காது.

சீட் உயர்வதில் ஒரு சங்கடம் உண்டு: வண்டி நிற்கும்போது உட்கார்ந்தபடியே இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடியாது. உங்கள் வண்டியில் பார் இல்லாததால், நிற்பதற்குச் சற்று முன்பே சீட்டிலிருந்து முன்னால் இறங்கி இடது காலை ஊன்றும் பழக்கத்தை, ஆளில்லாத தெருவில் சில நாள் பயிலுங்கள். பார் உள்ள வண்டியாக இருந்தால் விற்றுவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

பெரிய மெத்தை சீட் தொடைகளை அகட்டி வைக்கும். மிதிப்பதற்கு அது இடைஞ்சல்தான். மேடுபள்ளத்தின் அதிர்ச்சி முழங்காலுக்கு எட்டாதிருக்க வேண்டுமானால், ஸ்பிரிங் வைத்த சீட் கம்பி நல்லது. இப்போதுள்ள கம்பியின் விட்டம் அதன் அடிப்பகுதியில் எழுதியிருக்கும். அதே அளவில் வாங்குங்கள். நீங்கள் உட்காரும்போது ஸ்பிரிங் சற்று அமுங்கும் என்பதால், உயரத்தை உட்கார்ந்த நிலையில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டிருப்பதால்தான் உங்கள் சைக்கிளுக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அந்த வரம்பைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம்; விபத்து நேர்ந்தால் பதிவும் காப்பீடும் இல்லாத வாகனத்தை ஓட்டியவராக நிற்பீர்கள். காவிரிச் சமவெளியில் ஏற்றமென்று சொல்ல பாலங்களைத் தவிர என்ன இருக்கிறது? மோட்டார் உதவும் அளவை ஒன்றாம் நிலையில் வைத்து, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகினால் போதும். பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கிறதா என்பதைக் கடையிலேயே சோதியுங்கள்.

கன்ட்ரோலரையும் பேட்டரியையும் தொடாமல் கிராங்கை மட்டும் மாற்றினால் வாரண்டிக்குப் பாதிப்பில்லை என்று, விற்ற நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்தும் கடை, உதிரிப்பாகத்தின் அளவைக் குறிப்பிட்டு பில் தர வேண்டும். வேலை தவறி, கடை கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன், மின்சாரத்தை அணைத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் அமர்ந்து பெடலைப் பின்னோக்கி மெதுவாகப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இடுப்பு எழும்பாமல் வலது கால் உச்சியைக் கடந்தால் அளவு சரி. கழற்றிய பழைய கிராங்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு வரையிலும் முழங்காலின் மடக்கம் கூடிக்கொண்டு வரக்கூடும் என்பதால், அது மீண்டும் தேவைப்படலாம்.