சிரட்டை வாத்தியம்: கேள்வி பதில்

தேங்காய்ச் சிரட்டைக்குள் சின்ன மின்னணுச் சுற்றை வைத்து, கை நிழலால் சுருதியை மாற்றி வாசிக்கும் சிரட்டை வாத்தியத்தைப் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சார், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யக்கூடிய எளிய சுற்று எது? (தக்கலை)

555 டைமர் ஐசி (மின்னணுச் சில்லு) ஒன்றே போதும். ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த எட்டுக்கால் பூச்சி, மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு கெப்பாசிட்டரை ஓயாமல் நிரப்பி வடித்துக்கொண்டே இருக்கும். அந்த வேகம்தான் சுருதி. 8, 7 ஆகிய கால்களுக்கிடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் (மின்தடை), 7, 6 ஆகியவற்றுக்கிடையே எல்டிஆரையும் (வெளிச்சம் கூடினால் தடை குறையும் ரெசிஸ்டர்) இணையுங்கள். 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து, அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். 4-ஐ 8-உடன் சேர்த்து பாசிட்டிவுக்கும், 1-ஐ நெகட்டிவுக்கும் கொடுத்துவிட்டால், 3-இல் ஒலி கிடைக்கும். வெளிச்சத்தில் எல்டிஆர் 10 கிலோ ஓம் காட்டினால் சுமார் 690 ஹெர்ட்ஸும், நிழலில் 100 கிலோ ஓமாக ஏறினால் சுமார் 72 ஹெர்ட்ஸும் வரும்.

எல்டிஆருக்காகத் துளைபோட வேண்டியதில்லை. சிரட்டையின் மூன்று கண்களில் முளை வரும் கண் மெல்லியது என்பதால், ஆணி முனையால் குத்தினாலே திறந்துவிடும். உட்புறத்தை மட்டும் நன்றாகச் சுரண்டி வெயிலில் காயவையுங்கள். என் முதல் வாத்தியத்துக்குள் இரண்டாம் நாளே எறும்பு குடியேறிவிட்டது.

இதில் ச ரி க ம வாசிக்கலாமா? (நாகர்கோவில்)

சுரம் பிசகாமல் நிற்காது. ஆனால் கையை இறக்கும்போது இழைந்துவரும் அந்த ஒலியில்தான் இதன் குறும்பே இருக்கிறது என்பது என் கருத்து. தனித்தனிச் சுரம்தான் வேண்டுமென்றால், எல்டிஆரை எடுத்துவிட்டு, சுரத்துக்கு ஒரு பட்டனும் ஒரு பிரீசெட்டும் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) வையுங்கள். காது கேட்பது விகிதத்தை என்பதால் (மேல் ச கீழ் ச-வைப்போல் இரு மடங்கு, ப ஒன்றரை மடங்கு) ரெசிஸ்டர்களைச் சம அளவில் கூட்டிக்கொண்டே போனால் சுருதி சேராது. சுருதிப்பெட்டியை அருகில் வைத்து ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்ப்பதே நல்லது.

அண்ணாச்சி, எல்டிஆருக்குப் பதிலாக விரலால் தொடும் இரண்டு செப்புத் தகடுகளை வைத்தேன். மழைக்காலத்தில் யாரும் தொடாமலே முனகுகிறதே? (குளச்சல்)

கடற்காற்றின் உப்பு தகடுகளுக்கிடையே படிந்து, ஈரத்தை இழுத்து, உங்கள் விரல் செய்யும் வேலையைத் தானே செய்துவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இடைவெளியை ஒரு விரலகலத்துக்குள் கூடுமானவரை அகட்டுங்கள். செம்பில் களிம்பு ஏறும் என்பதால் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) திருகாணிகளுக்கு மாறிவிடுவது உத்தமம். வார்னிஷைச் சுற்றுப்பலகைக்கு மட்டும் பூசுங்கள். தொடும் இடத்தில் பூசினால் வாத்தியம் ஊமையாகிவிடும்.

9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் செல்போன் சார்ஜர் போதுமா? (மார்த்தாண்டம்)

சாதாரண 555 4.5 வோல்ட்டிலிருந்தே இயங்கும் என்பதால் 5 வோல்ட் போதும். ஒலி சற்றுக் குறையும், சுருதி ஏறத்தாழ மாறாது. பிள்ளைகள் கையாளும்போது பேட்டரியே இருக்கட்டும்.