பச்சப்புள்ளைக்கு நம்மள விட எலும்பு ஜாஸ்தின்னு சொல்லுதாங்களே, நிசமா?

நிசந்தான். பொறந்த புள்ளைக்கு கிட்டத்தட்ட 300, பெரியாளுக்கு 206. எங்கயும் தொலஞ்சி போவல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுது, அம்புட்டுதான். எங்க ஆச்சி புள்ள உச்சில எண்ண வைக்கும்போது மெத்துமெத்துன்னு துடிக்கும் பாத்துருக்கேன், அதான் உச்சிக்குழி, மண்டையோட்டுத் துண்டுக இன்னும் சேராத எடம், ஒண்ணர வயசு வாக்குல மூடிரும்லா. அதே மாதிரி இடுப்புக்குப் பின்னால தனித்தனியா கெடக்குற 5 எலும்பு 25 வயசு வாக்குல ஒண்ணாயிரும். நிறைய எலும்பு மொதல்ல வெறும் குருத்தெலும்புதான், பனங்குருத்து கணக்கா எளசா இருந்து பொறவு கால்சியம் ஏறி முத்துது. இன்னொரு கூத்து, 206ல பாதிக்கு மேல, அதாவது 106, மணிக்கட்டோட சேத்து ரெண்டு கையிலயும் ரெண்டு பாதத்துலயுமே இருக்கு. காதுக்குள்ள இருக்க அங்கவடி எலும்பு? 3 மில்லிமீட்டர் வே, அரிசில பாதி!