பழைய தண்டனை எப்போது காலாவதியாகும்?

கேள்வி: இங்கிலாந்தில் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்று, 9 மாதத்தில் வெளியே வந்தேன். வேலை விண்ணப்பத்தில் எப்போது ‘தண்டனை இல்லை’ என்று எழுதலாம்?

பதில்: விடுதலையான நாளிலிருந்து எண்ணாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். 18 மாதமும் முழுதாக முடியும் நாளிலிருந்து 4 ஆண்டு. 1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் 28 முதல் கணக்கு இதுதான்: ஓராண்டு வரையிலான சிறைக்கு 1 ஆண்டு, அதற்கு மேல் 4 ஆண்டு வரை என்றால் 4, அதையும் தாண்டினால் 7. கடும் வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்களில் 4 ஆண்டுக்கு மேல் தண்டனை என்றால் காலாவதியே கிடையாது. இடையில் இன்னொரு குற்றத்தில் தண்டனை பெற்றால், பழையதும் அதோடு சேர்ந்து நீளக்கூடும்.

கேள்வி: எனக்கு 6 மாதச் சிறை, 2 ஆண்டுக்கு நிறுத்திவைப்பு. 2 ஆண்டிலிருந்தா எண்ணுவது?

பதில்: இல்லை. 6 மாதம்தான் கணக்கு. அது முடிந்து 1 ஆண்டு.

கேள்வி: வேகமாக ஓட்டியதற்கு நீதிமன்றம் அபராதம்தான் போட்டது. ஓராண்டில் தீர்ந்துவிடும் அல்லவா?

பதில்: அபராதம் தீரும். ஓட்டுநர் உரிமத்தில் தண்டப் புள்ளி ஏறியிருந்தால் அதற்கு 5 ஆண்டு. இரண்டில் நீளமானதே செல்லும்.

கேள்வி: காலாவதியானால் பள்ளி வேலைக்கும் சொல்ல வேண்டாமா?

பதில்: அங்கே விதி வேறு. குழந்தைகள், நோயாளிகளோடு பழகும் வேலைகளுக்கான விரிவான சோதனையில் காலாவதியானதும் வரலாம். படிவத்தில் கேட்ட சொற்களை இரண்டு முறை வாசியுங்கள்.

கேள்வி: கனடாவில் 10 ஆண்டு போனால் தானாக அழியுமா?

பதில்: வயதுவந்தோரின் தண்டனை தானாக அழியாது; விண்ணப்பிக்க வேண்டும். சிறு குற்றத்துக்கு 5, பெருங்குற்றத்துக்கு 10 ஆண்டுக் காத்திருப்பு. அதுவும் சிறை, நன்னடத்தைக் காலம், அபராதம் எல்லாம் தீர்ந்த பிறகே தொடங்கும். மறந்துபோன அபராதப் பாக்கி ஒன்று இருந்தாலும் கடிகாரம் ஓடவே தொடங்கியிருக்காது. முதலில் நீதிமன்றத்தில் அதைச் சரிபாருங்கள்.

கேள்வி: இந்தியாவில்?

பதில்: வயதுவந்தோருக்கு இப்படியொரு பொதுச் சட்டம் இல்லை, இது பெருங்குறை என்பேன். தனித்தனிச் சட்டங்களில்தான் கால வரம்பு. ஒழுக்கக்கேடான குற்றத்தில் 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு, அடுத்த 5 ஆண்டுக்குள் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். 2 ஆண்டுக்குக் குறையாத தண்டனை என்றால், விடுதலைக்குப் பின் 6 ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு 12ஆம் பிரிவு கைகொடுக்கும்: தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவருக்கு இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். படிவம் கேட்டால் மறைக்காதீர்கள். சிறாருக்கு 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்கி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்கச் சொல்கிறது. 16 வயது நிரம்பி, கொடுங்குற்றத்துக்காக வயதுவந்தோர் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

கேள்வி: இங்கிலாந்தில் காலாவதியானதை அமெரிக்க விசா படிவத்தில் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. சொல்லாமலிருக்கும் உரிமையை ஒரு நாடு தந்தால், அது அந்நாட்டு எல்லைக்குள் மட்டுமே. அமெரிக்கப் படிவம் கைதையும் கேட்கிறது. மறைத்தது தெரிந்தால், பொய்த் தகவல் என்ற காரணத்துக்காகவே நிரந்தரமாக மறுக்கலாம். தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளபடி எழுதுங்கள்.