கொலைக் கதையில் சிரிப்பு எப்படி ஒட்டும்? எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி நியாயமானதுதான், ஆனால் சிரிப்பு கொலையிலிருந்து வருவதில்லை, துப்பறிகிறவர்களிடமிருந்து வருகிறது. 2020இல் வெளிவந்த ரிச்சர்ட் ஓஸ்மானின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’பை எடுங்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு, அங்கே எழுபதைத் தாண்டிய நான்கு பேர் வியாழன்தோறும் கூடி, போலீஸ் கைவிட்ட பழைய வழக்குகளை அலசுகிறார்கள். ஜாய்ஸ் முன்னாள் நர்ஸ், ரான் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், இப்ராஹிம் மனநல மருத்துவர், எலிசபெத் உளவுத்துறையில் இருந்தவர். அப்புறம் நிஜமாகவே பக்கத்தில் ஒரு கொலை விழுகிறது, இவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆரம்பத்திலேயே எலிசபெத், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஜாய்ஸிடம், கத்திக்குத்து பட்டவர் ரத்தம் போய்ச் சாக எவ்வளவு நேரம் ஆகும் என்று சாதாரணமாகக் கேட்கிறார். ஜாய்ஸும் பதறாமல், நர்ஸ் அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது ஜாய்ஸின் டைரிதான், சந்தேக நபரைப் பற்றி எழுதிக்கொண்டே சட்டென்று வேறு வீட்டுக் கதைக்குத் தாவிவிடுவார், நாமும் அசட்டையாகப் படித்துக்கொண்டு போவோம், முக்கியமான துப்பு அந்த அரட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வயதானவர்கள்தானே என்று எல்லோரும் அலட்சியம் செய்வதுதான் இவர்களுடைய பெரிய ஆயுதம், யாரும் இவர்கள் முன்னால் பேச்சை அடக்கிக்கொள்வதில்லை.

முதுமை, மறதி, துணையை இழந்த தனிமை எல்லாமும் உள்ளே இருக்கிறது, அதனால்தான் இது வெறும் கிச்சுகிச்சு மூட்டுகிற கதையாக நின்றுவிடவில்லை. 2025இல் படமாகவும் வந்துவிட்டது, ஆனால் ஜாய்ஸின் டைரிக்காகவே முதலில் நாவலைப் படியுங்கள்.