வளைவா, காலைக் கஞ்சியா?

அன்புள்ள ஐயா,

வளரிளம் பிள்ளைகளின் உடம்புக்குச் செலவழிப்பதுதான் நல்ல முதலீடு என்று எழுதியிருந்தீர்கள். ஏற்காட்டில் நாங்கள் படித்த அரசுப் பள்ளிக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். நுழைவு வளைவு கட்டலாம் என்று பாதிப்பேர், ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று மீதிப்பேர். நீங்கள் எழுதியதை எடுத்துச் சொன்னேன். "அதுக்குத்தான் அரசாங்கம் சத்து மாத்திரை குடுக்குது, மதியச் சோறு போடுது, நாம எதுக்கு?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ம., ஏற்காடு

அன்புள்ள ம.,

அவர்கள் சொல்வதில் பாதி சரி. அரசு தருகிறது. தந்தது பிள்ளையின் உடம்பில் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

பள்ளியில் தரும் அந்த நீலச் சத்து மாத்திரையையே பாருங்கள். வாரம் ஒன்று, 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே யாராவது சொல்லாவிட்டால், அடுத்த வாரம் மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும். அப்புறம் உங்கள் ஊர்ச் சங்கதி, காப்பி. அம்மா விடியலிலேயே எஸ்டேட் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் பிள்ளைக்குக் காலை ஆகாரம் ஒரு டம்ளர் கடுங்காப்பியோடு முடிந்துபோகலாம். காப்பியும் டீயும் உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பவை. (ஏற்காட்டுக்காரரிடமே காப்பியைக் குறை சொல்கிறேன். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.) கொய்யாவும் ஆரஞ்சும் இரும்பு சேர உதவும். இரண்டும் உங்கள் மலையிலேயே விளைகின்றன.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31 பேருக்கு. ஸ்மார்ட் போர்டு முன்னால் உட்காரப்போவது இந்த வயதுப் பிள்ளைகள்தான்.

2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரைக்குமானது. ஆறாம் வகுப்பு போனதும், எலும்பு நீண்டு பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயும் தொடங்குகிற வயதில், அந்தத் தட்டு இல்லை. மதிய உணவும் பத்தாம் வகுப்போடு சரி. ஆகவே என் ஓட்டு காலைக் கஞ்சிக்கு. ஆறிலிருந்து மேல் வகுப்புகளுக்குச் சத்துமாவுக் கஞ்சியோ சுண்டலோ, கூட ஒரு பழம். சமைக்க அங்குள்ள மகளிர் குழுவைக் கேளுங்கள். மாத்திரை தரும் நாளில் சாப்பிட்ட பிறகு தரச் சொல்லுங்கள்.

பணம் மிஞ்சினால் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி. அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம்தான். மாற்ற இடமில்லை என்றால் அந்த நாட்களில் லீவு போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி என்ன?

முதலீடு என்றால் லாபம் எவ்வளவு என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கணக்கு இருக்கிறது: வளரிளம் பருவத்தினரின் உடல், மன நலத்துக்கு ஏழை, நடுத்தர நாடுகள் ஆண்டுக்குத் தலைக்கு 4.6 டாலர் செலவிட்டால் பத்து மடங்கு பலன். மாதாமாதம் கரையும் செலவு என்பார்கள். கரையட்டும். ஒரு கல்வியாண்டுக்குத் தாங்குமா என்று மட்டும் கணக்குப் போடுங்கள். அடுத்த ஆண்டுக்கு மறுபடி வசூலிக்கலாம். வளைவுக் கட்சி விடவே மாட்டேன் என்றால், கழிப்பறைச் சுவரில் நன்கொடையாளர் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

ஜூனில் தொடங்குவதென்றால் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.