கடற்படைத் தலைமையகமே கொழும்பில் இருக்கும்போது மேற்குக் கட்டளை எதற்கு?

கேள்வி: இலங்கைக் கடற்படையின் தலைமையகம் கொழும்புக் கோட்டையில்தான் இருக்கிறது. அதே ஊரில் மேற்குக் கடற்படைக் கட்டளை என்று இன்னொன்றும் இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆளெடுப்பு, பயிற்சி, பணம், புதுக் கப்பல் வாங்குவது, பிற நாட்டுக் கடற்படைகளோடு உறவு ஆகியவை தலைமையகத்தின் வேலை. இன்றிரவு எந்தப் படகு எந்தப் பக்கம் ரோந்து போக வேண்டும், துறைமுக வாயிலில் யார் காவல், ஆறு பெருகினால் எந்த முகாமிலிருந்து படகும் ஆட்களும் கிளம்ப வேண்டும் என்பவை கட்டளையின் வேலை. தலைமையகம் நாடு முழுவதையும் பார்க்கிறது. கட்டளைக்கு ஒரு கரையும் அதை ஒட்டிய கடலும்தான்.

வடக்கு, வடமத்தி, வடமேற்கு, மேற்கு, தெற்கு, தென்கிழக்கு, கிழக்கு என்று இப்படி ஏழு கட்டளைகள் இருக்கின்றன. கிழக்குக்குத் திருகோணமலை, வடக்குக்குக் காங்கேசன்துறை, தெற்குக்குக் காலி, நமது மேற்குக்குக் கொழும்பு. கட்டளைத் தளபதியாகப் பெரும்பாலும் ரியர் அட்மிரல் தரத்திலுள்ள அதிகாரி ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே பிரதித் தளபதி, செயற்பாடு, பொறியியல், வழங்கல் என்று பிரிந்த அதிகாரிகள், பிறகு ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு கட்டளை அதிகாரி. துறைமுகத்துக்குள் இருக்கும் ரங்கல்லவும் வெலிசறையில் இருக்கும் கெமுணுவும் மேற்குக் கட்டளையைச் சேர்ந்தவை. இவை தரையில் இருக்கும் முகாம்கள்தாம். ஆனால் கடற்படை மரபுப்படி இவற்றையும் கப்பல் என்றே எழுதுவார்கள். கஜபாகு, சயுரல போன்ற பெரிய ரோந்துக் கப்பல்கள் வேறு. அவை ஒரு கரையோடு நின்றுவிடுவதில்லை, தேவை எங்கேயோ அங்கே போகும்.

இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்பதை 2021 மே மாதத்தில் கொழும்பே பார்த்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே, ஏறத்தாழ ஒன்பதரைக் கடல் மைல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. உள்ளே 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. மே 20ஆம் திகதி தீப்பிடித்தது. கொரோனாப் பயணத்தடை காலம் அது. முகத்துவாரத்திலும் வத்தளையிலும் வீட்டு மொட்டை மாடியில் நின்றே புகையைப் பார்த்தோம். 25ஆம் திகதி கப்பலில் பெரிய வெடிப்பு நடந்த அன்று மாலுமிகள் 25 பேரும் இறக்கப்பட்டார்கள். துறைமுக அதிகாரசபையின் இழுவைப்படகுகள், நமது கடற்படைக் கப்பல்கள், இந்தியக் கரையோரக் காவல்படைக் கப்பல்கள் எல்லாம் சுற்றி நின்று நீரடித்தன. ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுக்கத் தொடங்கியபோது பின்பகுதி தரை தட்டியது.

அந்த நாட்களில் எத்தனை தரப்புகள் ஒரே கடலில் நின்றன என்று எண்ணிப் பாருங்கள். தீயணைப்பு, மாலுமிகளை மீட்பது, மற்றக் கப்பல்களை விலக்குவது, மீனவர் அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பது, கரையில் சேர்ந்ததை அள்ளுவது என்று எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். கொழும்புக்கு வடக்கே சரக்குவக் கடற்கரை மணலில், கப்பலிலிருந்து கொட்டிய பருப்பு அளவு வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் கணுக்கால் மூடக் கிடந்தன. கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஒட்டும். உதறினாலும் முழுதும் போகாது. வெள்ளைக் கவச உடையோடு வெயிலில் நின்று அதைச் சாக்கில் அள்ளிய கடற்படைச் சிப்பாய்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். உத்தரவு எங்கிருந்து வந்தாலும், அந்தக் கரையை அறிந்த ஒரு கட்டளை பக்கத்திலேயே இல்லாமல் இப்படிப்பட்ட வேலை நடக்காது. அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தது சங்கமன்கண்டிக்கு அப்பால், கிழக்குப் பக்கத்தில். கொழும்பிலிருந்து படகு விட்டிருந்தால் அது சுற்றிவளைத்துப் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகியிருக்கும்?

போர்க்காலத்தில் மேற்குக் கட்டளையின் முதல் கவலை துறைமுகம். நீருக்கடியில் வரும் சுழியோடிகளைத் தடுக்கச் சிறு வெடிகளை இரவில் தண்ணீருக்குள் போடுவார்கள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்கு அந்த 'தும்' சத்தம் காதிலே பதிந்தது; ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிரும், அம்மா "துறைமுகம்தான், படு" என்பார். அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில் கடற்படையினர் மீதே குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. எந்தத் தளபதியின் கீழ் எந்த முகாம், அங்கே நடந்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தத் தாய்மாருக்கு ஒரு பிள்ளையின் உயிர். கட்டளை அமைப்பைப் பொதுமக்கள் விளங்கிவைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது முதலில் இதற்காகத்தான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன், பலர் குழம்புவது இங்கேதான். பல நாள் மீன்பிடிப் படகொன்று நடுக்கடலில் பழுதாகி நின்றால் தேடும் பணியை ஒருங்கிணைப்பது மேற்குக் கட்டளை அல்ல, கொழும்பில் கடற்படையின் கீழ் இயங்கும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம். இலங்கையின் தேடல் மீட்பு எல்லை நாட்டின் நிலப்பரப்பைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு தூரத்துக்குக் கடற்படைப் படகு உடனே போய்விட முடியாது. ஆகவே அந்த வழியாகப் போகும் வணிகக் கப்பலை நிலையம் கேட்டுக்கொள்ளும், கப்பல் மீனவரை ஏற்றிக்கொள்ளும். அது கரைக்குக் கிட்ட வந்த பிறகு அவர்களைப் படகில் இறக்கிக் கூட்டிவருவது அந்தக் கரைக்குரிய கட்டளை.

உங்கள் வீட்டு ஆள் கடலில் இருந்து குறித்த நாளில் வரவில்லை என்றால், படகின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். முகப்பில் எழுதியிருக்கும் பதிவு இலக்கத்தை முழுதாகச் சொல்லுங்கள். எந்த மாவட்டப் படகு என்பது அதிலேயே இருக்கும். கிளம்பிய துறைமுகம், கடைசியாகப் பேசிய நேரம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடற்றொழில் திணைக்கள அலுவலகத்துக்கும் கடற்படைக்கும் ஒரே நேரத்தில் அறிவியுங்கள். மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அரச அலுவலகத்தில் தமிழில் பேசுவது நமது உரிமை. ஆள் கடலில் கிடக்கும் நேரத்தில் அரைகுறைச் சிங்களத்தில் விவரம் பிசகிவிடக் கூடாது.